கோபுரம் என்றால் புகைபோக்கி

புவார்கோஸ்,
20 பிப்ரவரி 1997

அன்புள்ள மாப்பிள்ளை அன்செல்மோவுக்கு, செஃபெரீனோ எழுதுவது.

இங்கே நானும் ஜெனோவேவாவும் சுகம். அவளுக்கு முழங்கால் வலி. அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது வலி. மற்றபடி குறையில்லை. என் தங்கை ஒதீலியாவுக்கு லிஸ்பன் குளிரில் இருமல் வந்ததாமே? வெங்காயச் சாறும் தேனும் கலந்து கொடும். ஊர் மீனையெல்லாம் எண்ணுகிற உத்தியோகத்தில் வீட்டில் இருப்பவளை எண்ண மறந்துவிடாதீர்.

இங்கே துறையில் இருபத்திரண்டு படகுகள் கட்டிக் கிடக்கின்றன. உங்கள் ஆராய்ச்சிக் கப்பல் வந்து மத்தியை எண்ணிச் சொல்லும்வரை யாரும் சுருக்குமடி வலை போடக்கூடாதென்று உத்தரவு. என் 'சாந்தா இரியா' படகின் கயிற்றில் பாசி ஏறிவிட்டது. என் ஆட்கள் பதினாறு பேரும் காபிக்கடையில் சீட்டாடுகிறார்கள். மடி இழுத்த கை சும்மா இருக்குமா, நேற்று ஒரு மேசையை உடைத்துவிட்டார்கள்.

இன்னொரு காகிதமும் வந்தது. படகு வேண்டாம் என்பவர்கள் மே 31க்குள் கையெழுத்துப் போட்டால் அரசாங்கமே படகை உடைத்துவிட்டு ஈட்டுத்தொகை தருமாம். என் படகை உடைக்க நான் கையெழுத்துப் போடுவேனா? அதை அன்றைக்கே அடுப்பில் போட்டுக் கீரை சூப் வைத்தாயிற்று.

மாப்பிள்ளை, மீன் இல்லாமல் இல்லை. கரையோரம் ஆறேழு பாகத்தில், ஆறேழு ஆள் உயர ஆழத்தில் இருக்கிறது. உங்கள் பெரிய கப்பல் பத்துப் பாகத்துக்கு உள்ளே வராது. வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வீட்டில் ஆளில்லை என்று போகிற தபால்காரர் மாதிரி நீங்களும் போய்விடுவீர்கள். நாங்கள் இங்கே படகை உடைத்துக்கொண்டிருப்போம்.

தங்கைக்கு என் முத்தங்கள். உமக்குக் கைகுலுக்கல் மட்டும்.
செஃபெரீனோ


போர்ட்டோ துறைமுகம், கப்பலிலிருந்து,
9 மார்ச் 1997

அன்புள்ள மச்சானுக்கு,

வணக்கம். ஜெனோவேவா அக்காவின் முழங்காலுக்கும் உங்கள் காதுக்கும் சீக்கிரம் சுகம் கிடைக்கட்டும். ஒதீலியாவின் இருமல் நின்றுவிட்டது. உங்கள் வெங்காயச் சாற்றைச் சொன்னேன். கொடுப்பதற்கு முன்பே நின்றுவிட்டது.

வடக்கு எல்லையில் தொடங்கி இறங்கி வருகிறோம். கரையிலிருந்து கடலுக்கு ஒரு நேர்கோடு. எட்டு மைல் தள்ளி, கடலிலிருந்து கரைக்கு இன்னொரு கோடு. கருவி அடியில் ஒலி அனுப்பும். மீன் கூட்டத்தில் பட்டுத் திரும்பினால் திரையில் சிவப்பாக விழும். அங்கே வலை இழுத்து, வந்த மீனை அளந்து, அதன் தலைக்குள் இருக்கும் காதுக்கல்லில் வயதைப் பார்க்கிறோம். தண்ணீரின் சூட்டையும் உப்பையும் குறிக்கிறோம்.

போட்ட கோட்டிலிருந்து விலகக்கூடாது என்பதுதான் சட்டம். முந்தாநாள் ஒரு மைல் தெற்கே பறவைகள் விழுந்து விழுந்து மீன் கொத்தின. எங்கள் சமையல்காரரே கரண்டியோடு ஓடி வந்து, "சார், அங்க போங்க சார், அங்கதான் இருக்கு!" என்று கத்தினார். போகவில்லை. நீங்கள் இருந்திருந்தால் என்னைத் தூக்கிக் கடலில் போட்டிருப்பீர்கள். ஆனால் மச்சான், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்தில் கோயில் வாசலில் மட்டும் நின்று தலைகளை எண்ணினால் புவார்கோஸில் ஐம்பதாயிரம் பேர் என்று வரும். அதனால்தான் கோடு.

இதுவரை எண்ணியது நன்றாக இல்லை. பொய் சொல்ல மாட்டேன்.

கரையோரம் பற்றி நீங்கள் எழுதியதைத் தலைவரிடம் சொன்னேன். ஏப்ரலில் வாடகைக்கு ஒரு சிறு படகும் சிறு கருவியும் மூன்று நாட்களுக்குத் தர ஒப்புக்கொண்டார். இவ்வளவு நீளக் கரையை மூன்று நாளில் பார்க்க முடியாது. எந்த இடம் என்று எனக்குத் தெரிய வேண்டும். அதற்குள் நான் கோடு போட்டுக்கொள்வேன். உங்கள் கரை அடையாளக் குறிப்பேட்டிலிருந்து ஒரே ஒரு பக்கம் வேண்டும்.

வானொலியில் சொல்லிவிடாதீர்கள், கரை முழுக்கக் காது வைத்திருக்கிறது. காபிக்கடைத் தொலைபேசியிலும் வேண்டாம். கடிதம் போதும்.

அன்புடன்,
அன்செல்மோ


புவார்கோஸ்,
14 மார்ச் 1997

மாப்பிள்ளை,

இங்கே சுகம். அங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

நீர் கேட்டது என்னவென்று யோசித்துத்தான் கேட்டீரா? அந்தக் குறிப்பேட்டை இருபத்தாறு வருடமாக எழுதுகிறேன். எந்தக் கோபுரம் எந்த மலைக்கு நேரே வந்தால் எங்கே மடி போடலாம் என்று அதில் இருக்கிறது. ஜெனோவேவா அதைத் திறந்ததில்லை. பாதிரியார் கேட்டாலும் கொடுக்கமாட்டேன். படகை நடத்தும் எந்தத் தண்டலிடமும் போய், "உன் ஏட்டைக் கொஞ்சம் காட்டு" என்று சொல்லிப் பாரும். பல்லைக் கையில் எடுத்துக்கொண்டுதான் திரும்புவீர்.

முடியாது. வேறு ஏதாவது கேளும்.

சமையலறை மேசை ஆடிக்கொண்டே இருந்தது. அந்தப் படகு உடைக்கிற காகிதத்தை நான்காக மடித்துக் காலுக்கு அடியில் கொடுத்தேன், இப்போது ஆடவில்லை. அரசாங்கத்தால் அந்த அளவுக்காவது உபயோகம்.

இப்படிக்கு,
செஃபெரீனோ


லிஸ்பன்,
19 மார்ச் 1997

அன்பு அண்ணனுக்கு ஒதீலியா எழுதிக்கொண்டது.

நான் நன்றாக இருக்கிறேன். அண்ணிக்கு முழங்காலில் போட ஒரு கம்பளி உறை பின்னி அனுப்பியிருக்கிறேன். உனக்கு ஒன்றும் அனுப்பவில்லை, கோபமாக இருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் ஒரு பக்கம் கேட்டதற்கு ஊரைக் கூட்டினாயாமே. படகை உடைத்துவிட்டால் அந்த ஏட்டை வைத்து என்ன பண்ணுவாய்? கட்டிலில் விரித்துவைத்து மீன் பிடிப்பாயா? அவரைப் பற்றி உனக்குத் தெரியாது. கப்பலில் போனால் ஒன்றுமில்லை; சிறு படகில் கால் வைத்தால் குடல் வாய்க்கு வந்துவிடும். கல்யாணத்துக்கு முன்பு என்னோடு ஆற்றில் ஓடத்தில் வந்து பட்ட பாட்டை நான் யாரிடமும் சொன்னதில்லை. அப்படிப்பட்ட ஆள் மூன்று நாள் சிறு படகில் போகிறேன் என்று தானே கேட்டு வாங்கியிருக்கிறார். யாருக்காக?

கையெழுத்துப் போடும்போது நம் அப்பா எப்போதும் வீட்டில் எல்லோரையும் கேட்டுத்தான் போடுவார். இதை ஏன் எழுதுகிறேன் என்று கேட்காதே, இன்றைக்கு அவர் பெயர்கொண்ட புனிதரின் திருநாள், நினைவு வந்தது.

உன் தங்கை,
ஒதீலியா


புவார்கோஸ்,
27 மார்ச் 1997, பெரிய வியாழன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உயிர்ப்புத் திருநாள் வாழ்த்துகள். ஜெனோவேவா உறையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்து நடந்து காட்டுகிறாள். தங்கையிடம் சொல்லும்.

இதோ உள்ளே ஒரு பக்கம். தோஷா கரைக்கு நேரே உள்ள இடம். என் கையால் நகல் எடுத்தது. மனப்பாடம் செய்துவிட்டுக் கிழித்துப்போடும். தின்றுவிட்டால் இன்னும் நல்லது. நேற்றுத்தான் பாதிரியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவந்தேன். அதனால் இந்தத் தாளில் ஒரு பொய்கூட இருக்காது.

சிறு படகில் போகும்போது காய்ந்த ரொட்டி மட்டும் சாப்பிடும், கண்ணைக் கரையில் வையும். என்னமோ தோன்றியது, எழுதினேன்.

செஃபெரீனோ


அவெய்ரோ,
16 ஏப்ரல் 1997

அன்புள்ள மச்சானுக்கு,

நலம் என்று எழுத வேண்டும், அதனால் எழுதுகிறேன். நீங்கள் இருவரும் நலமா?

முதல் நாள் போய்வந்தேன். தாளில் உள்ளபடி கோயில் கோபுரத்தை மலைப் பள்ளத்துக்கு நேரே வைத்து, ஏழு பாகத் தண்ணீரில், ஒன்பது கோடுகள் ஓடினோம். திரையில் ஒரு புள்ளி இல்லை. இழுத்த வலையில் இரண்டு நண்டும் ஒரு செருப்பும் வந்தன. காய்ந்த ரொட்டி என்னிடம் தங்கவில்லை.

இப்போது காற்று அடிக்கிறது. 28ஆம் தேதிவாக்கில் தணியும் என்கிறார்கள். மீதி இரண்டு நாளும் இப்படியே போனால் கரையோரத்திலும் மீன் இல்லை என்றுதான் நான் எழுத வேண்டியிருக்கும். என் கையெழுத்தோடு போகும் அது. இடம் சரிதானா? தயவுசெய்து இன்னொரு முறை பாருங்கள்.

ஒன்றை உங்களிடம் சொல்லாமல் விட்டேன். வாடகைப் படகு எடுத்தது நானல்ல, அலுவலகம். ஓட்டுகிறவர் இந்த ஊர் குஸ்தோதியோ. நீங்கள் பதினோரு வருடமாகப் பேசாத அதே குஸ்தோதியோ. யார் மடியை யார் படகு கிழித்தது என்று அவரிடமும் ஒரு கதை இருக்கிறது. தாளை அவரிடம் காட்டவில்லை, ஆனால் எந்த அடையாளத்தைப் பார்த்து ஓட்டுவதென்று சொல்லாமல் முடியவில்லை.

இன்னொன்று. பிப்ரவரியில் அடுப்பில் எரிந்த காகிதம் மார்ச்சில் மேசைக்காலுக்கு அடியில் எப்படி வந்தது? சும்மா கேட்டேன். ஆராய்ச்சிக்காரன் புத்தி.

அன்செல்மோ


அவெய்ரோ,
23 ஏப்ரல் 1997

மச்சான்,

நலமா? பதில் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று ஜெனோவேவா அக்காவுக்குத் தந்தி கொடுத்தேன், "நன்றாகத்தான் சாப்பிடுகிறார், கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்" என்று பதில் வந்தது. காற்று குறைகிறது. திங்கட்கிழமை போவேன். கோபுரத்தை நம்பித்தான் போவேன், என்னிடம் வேறொன்றும் இல்லை.

அன்செல்மோ


புவார்கோஸ்,
26 ஏப்ரல் 1997

மாப்பிள்ளை,

நேற்று விடுதலைநாள் விடுமுறை, தபால் இல்லை. அதனால் அவெய்ரோ பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்துகொண்டு படியும்.

கோபுரம் என்று எழுதியிருக்கும் இடத்தில் புகைபோக்கி என்று படிக்க வேண்டும். செங்கல் சூளைப் புகைபோக்கி. ஏடு முழுக்க அப்படித்தான். யாராவது திருடினால் வெறும் தண்ணீரில் மடி போட்டு மானம் கெடட்டும் என்று இருபத்தாறு வருடத்துக்கு முன் ஆரம்பித்தேன். எல்லாத் தண்டலும் ஏதோ ஒன்றை மாற்றித்தான் எழுதுவான். என் கை பொய்யை எழுதும், என் கண் உண்மையைப் படிக்கும். பழகிவிட்டது. நகல் எடுத்தபோது உம்மிடம் என் கண் இல்லை என்பது நினைவுக்கே வரவில்லை. பாவசங்கீர்த்தனம் செய்த மறுநாளே!

இதுவரை எழுதியது மன்னிக்கக்கூடியது. இனி எழுதுவது அப்படியல்ல. உம் கடிதம் 18ஆம் தேதியே வந்துவிட்டது. செருப்பு வந்தது என்று படித்ததுமே எனக்குத் தப்பு விளங்கிவிட்டது. ஆனாலும் எட்டு நாள் எழுதவில்லை. குஸ்தோதியோவிடம் என் புகைபோக்கியைக் கொடுப்பதா என்று உட்கார்ந்திருந்தேன். நீர் வாந்தி எடுத்துக்கொண்டு எனக்காக ஓடுகிறீர், நான் இடத்தைக் காவல் காக்கிறேன். வெட்கமாக இருக்கிறது, மாப்பிள்ளை.

காகிதம் பற்றிக் கேட்டீர். இப்போது அதன்மேல் பூனை படுத்திருக்கிறது.

திங்கள் காலை அவெய்ரோ துறையில் இருப்பேன். மறுபடி எழுதினால் மறுபடி கை ஏதாவது செய்துவிடும். நானே வந்து காட்டுகிறேன்.

செஃபெரீனோ


அவெய்ரோ,
1 மே 1997

என் அன்பு ஒதீலியாவுக்கு,

நீ சுகமா? நான் பிழைத்துக்கொண்டேன். இந்த முறை வாந்தி ஆறு தடவைதான். உன் அண்ணன் என் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார், அதிலும் கிண்டல் குறையவில்லை.

திங்கள் காலை அவர் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையும் கடல் காலணியுமாகப் பேருந்திலிருந்து இறங்கினார். குஸ்தோதியோ படகின் முனையில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"யாரு வே அது, என் படகுல காலு வைக்கிறது?"

"ஆசைப்பட்டு வைக்கல. மாப்பிள்ளைக்காக வந்தேன். பேசாம ஓட்டும்."

இருபது மைல் இருவரும் என் வழியாகத்தான் பேசினார்கள். "அவரைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லும்", "அவரு சுக்கான் பிடிக்கிற லட்சணத்தப் பாரும்" என்று. தோஷாவுக்கு நேரே வந்ததும் உன் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். பல் பிடுங்கப் போகிறவர்போல இருந்தார்.

"சுக்கானத் திருப்பும். அந்தச் சூளைப் புகைபோக்கி மலைப் பள்ளத்துல வந்து உக்காரணும். ஏழு பாகம்."

குஸ்தோதியோ அவரைப் பார்த்தார், புகைபோக்கியைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை.

"இதுக்கா வே இத்தன கூத்து? இது எனக்குப் பதினாலு வருஷமாத் தெரியும்!"

"தெரியுமா? அப்ப முதல் நாளு ஏன் வாயத் திறக்கல?"

"என் இடத்த நான் எதுக்குச் சொல்லணும்? கோபுரத்தப் பாத்து ஓட்டச் சொன்னாரு உம்ம மாப்பிள்ள. ஆகா, செஃபெரீனோவுக்குப் புது இடம் ஒண்ணு கிடைச்சிருக்கு போலன்னு நானும் நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு ஓட்டுனேன். செருப்புல்ல வந்துச்சு!"

"உம்ம ஏட்டுல என்னன்னு எழுதியிருக்கு?"

"பள்ளிக்கூடத்து மணின்னு."

இருவரும் ஒரே இடத்தைப் பதினான்கு வருடமாக ஒருவருக்கொருவர் மறைத்திருக்கிறார்கள், ஒதீலியா. அதன் பிறகு என் உதவி அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

கோடு ஆரம்பித்ததும் பறவைகளைக் கண்டு உன் அண்ணன் துள்ளினார். "அங்க போங்கய்யா!" என்றார். குஸ்தோதியோ திரும்பிப் பார்க்கவே இல்லை. "கோட்ட விட்டு விலகப்படாதுன்னு சட்டம் ஓய். உமக்கு ஒண்ணும் தெரியல," என்றார். மூன்று வெறும் கோடுகள். நான்காவது கோட்டில் திரை சிவந்தது. மேலிருந்து அடிவரை சிவந்தது. ஐந்தாவதிலும் ஆறாவதிலும் அப்படியே. மறுநாளும் அப்படியே.

வலையில் வந்தவை எல்லாம் குஞ்சுகள், என் விரல் நீளம். ஒரு வயது ஆகாதவை. ஆயிரமாயிரமாக மின்னின. உன் அண்ணன் ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இதப் பிடிக்கக்கூடாது. விட்டா அடுத்த வருஷம் இவ்வளவு இருக்கும்," என்று மணிக்கட்டைக் காட்டினார். காட்டிக்கொண்டே அழுதுவிட்டார். குஸ்தோதியோ அந்தப் பக்கம் திரும்பி ஒரு கயிற்றை ரொம்ப நேரம் சுருட்டினார்.

எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே ஆறாவது தடவை.

உன்,
அன்செல்மோ


லிஸ்பன்,
26 மே 1997

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே இருவரும் சுகம். ஒதீலியா உங்களுக்கும் ஒரு கம்பளி உறை பின்னுகிறாள். எதற்கு என்று கேட்டால் காதுக்காம்.

அறிக்கை போய்விட்டது, முடிவும் வந்துவிட்டது. பெரிய மீன் குறைவுதான், நான் எண்ணியதைத்தான் எழுதினேன். ஆனால் குஞ்சுகள் ஒன்பது வருடத்தில் இல்லாத அளவு. ஆகவே ஜூன் 9ஆம் தேதியிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் மடி போடலாம். குஞ்சுகள் வளர்ந்தால் அடுத்த வருடம் கூடும்.

இனிக் கசப்பான சேதி. குஞ்சுகள் இருக்கும் இடத்தை மூடிவிட்டார்கள். தோஷாவுக்கு நேரே, உங்கள் புகைபோக்கி இடம், சுற்றிலும் கட்டம் போட்டு வரைபடத்தில் அச்சாகிவிட்டது. எல்லாத் துறைமுகச் சுவரிலும் ஒட்டுவார்கள். இருபத்தாறு வருட ரகசியம். நீங்கள் அதில் மடி போட முடியாதபடி செய்தவன் நான்தான். திட்டுவதென்றால் திட்டுங்கள்.

படகு உடைக்கக் கையெழுத்துப் போட்டவர்கள் மனம் மாறினால் கோயிம்ப்ரா அலுவலகத்தில் போய்த் தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமாம். 31ஆம் தேதி சனிக்கிழமை. அதனால் வெள்ளி மாலை நான்கு மணியோடு சரி. இதை உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எரிந்துபோய், மேசைக்காலுக்குப் போய், பூனைக்கும் போன காகிதத்துக்கு அலுவலகத்தில் என்ன வேலை?

அன்புடன்,
அன்செல்மோ


புவார்கோஸ்,
25 ஜூன் 1997

என் அன்புக்குரிய மாப்பிள்ளைக்கு,

நேற்று அருளப்பர் திருநாள். இன்று எனக்குத் தலைவலி, ஜெனோவேவா முழங்காலை மறந்து ஆடியதால் அவளுக்கு முழங்கால் வலி. இதைவிடச் சுகம் எங்களுக்குத் தெரியாது. நீங்கள் இருவரும் எப்படி?

'சாந்தா இரியா' மூன்றாம் வாரமாகப் போய்வருகிறது. பெரிய மீன், கொழுத்த மீன், கட்டத்துக்கு வெளியே நேர்மையாகப் பிடித்தது. பதினாறு பேரும் சீட்டை விட்டாயிற்று. காபிக்கடைக்காரர் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார். வரைபடம் இங்கே சுவரில் ஒட்டியிருக்கிறது. வருகிறவன் எல்லாம் அதில் என் இடத்தைத் தொட்டுப் பார்த்து, "இதானா ஓய்?" என்று கேட்கிறான். முதல் வாரம் வயிறு எரிந்தது. இப்போது நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

இனி உண்மை. தங்கைக்கும் உமக்கும் ஆரம்பத்திலேயே தெரியும் என்பது எனக்கும் தெரியும். உமக்கு முதல் கடிதம் எழுதுவதற்கு இரண்டு நாள் முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டேன். அடுப்பு, மேசைக்கால், பூனை எல்லாம் புளுகு. ஜெனோவேவாவிடம்கூடச் சொல்லவில்லை. தினமும் துறைக்குப் போய், 'உன்னை விற்றுவிட்டேன்' என்று சொல்ல முடியாமல் படகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உம் கடிதம் கிடைத்து, வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குக் கோயிம்ப்ராவில் அந்த ஜன்னலுக்குப் போனால் எனக்கு முன்னால் ஒரு முதுகு நிற்கிறது. தெரிந்த முதுகு. குஸ்தோதியோ! அவரும் போட்டிருக்கிறார், அவரும் வீட்டில் சொல்லவில்லை. இதையும் ஒருவருக்கொருவர் மறைத்திருக்கிறோம்.

"நீருமா வே?" என்றேன்.

"பேசாம வரிசையில நில்லும்," என்றார்.

இரண்டு தாள்களையும் திரும்ப வாங்கிக்கொண்டோம். நேற்றுக் குடும்பத்தோடு அவர் இங்கே வந்தார். வாசலில் கரி அடுப்பு வைத்து, சோள ரொட்டி, மிளகாய், என் மடியில் வந்த மத்தி. கரி ஈரம், பற்றவே இல்லை. நான் என் தாளை எடுத்து உள்ளே செருகினேன். அவர் தன் தாளையும் மேலே வைத்தார். சட்டென்று பிடித்துக்கொண்டது.

ஆக, மாப்பிள்ளை, பிப்ரவரியில் நான் எழுதியது பொய்யில்லை. கொஞ்சம் முந்தி எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

தங்கைக்கு முத்தங்கள். இந்த முறை உமக்கும் ஒன்று.
செஃபெரீனோ